மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு எந்தக் கார்?

சென்னைப் புறநகர் கூடுவாஞ்சேரியில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். "மச்சான், சின்னதா ஒரு கார் எடுக்கலாம்னு இருக்கேன். எது மைலேஜ் நல்லா குடுக்கும்?"

பதிலுக்கு நான், "மாசம் எவ்வளவு ஓட்டுவீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அதை அவர் யோசித்ததே இல்லை. வேலைக்கு எழும்பூர் வரை மின்சார ரயில். கார் என்றால் சனி, ஞாயிறு கடைகண்ணி, மாதம் ஒருமுறை திண்டிவனம் பக்கம் அவருடைய ஊர், எப்போதாவது ஆஸ்பத்திரி, கல்யாணம். இருவரும் போனிலேயே கூட்டிப் பார்த்தோம். ஊருக்குப் போக வர 180, மற்றதெல்லாம் சேர்த்து 300 சொச்சம். மாதம் 500 என்று வைத்துக்கொண்டோம்.

அதே வாரம் என்னுடன் படித்த நண்பர் ஒருவரும் இதே கேள்வியோடு வந்தார். தாம்பரத்தில் வாடகை அடுக்ககம், ஒரகடத்தில் வேலை, போக வர 60 கிலோமீட்டர். ஞாயிறு ஓட்டத்தையும் சேர்த்தால் மாதம் 1,500-க்குக் குறையாது. கேள்வி ஒன்றுதான். ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது இருவருக்கும் வேறு வேறு விடை வந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். நீங்கள் படிக்கும் நாளில் விலை மாறியிருந்தால் அந்த இரண்டு எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பர மைலேஜும் நோட்டு மைலேஜும்

எடுத்துக்காட்டுக்கு மாருதி வேகன்ஆர். ஒரு லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர் என்றால் லிட்டருக்கு 24.35 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். சிஎன்ஜியில் கிலோவுக்கு 34.05. இது பொய் இல்லை. ஆனால் சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்து, ஒரே மாதிரியான ஓட்டத்தில் எடுத்த அளவு. பல்லாவரம் சிக்னலும், மே மாத வெயிலும், பின் சீட்டில் மூன்று பேரும் அந்தக் கூடத்தில் கிடையாது.

என்னுடைய 2016 வேகன்ஆருக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். டேங்க் ஃபுல் செய்வது, பம்ப் தானாக நின்றதும் அதோடு விடுவது, மீட்டரை எழுதுவது. அடுத்த முறையும் அதே பங்க்கில் ஃபுல். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் போதும். ஊருக்குள் ஏசியோடு 15.4 வந்திருக்கிறது. சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் விடியற்காலை கிளம்பி 80-ஐத் தாண்டாமல் தஞ்சாவூர் போனபோது 21.3. இரண்டையும் கலந்தால் 18-ஐ ஒட்டி நிற்கும். டேஷ்போர்டில் ஓடும் எண்ணை நம்பி யாரும் சண்டைக்கு வராதீர்கள், என் வண்டியில் அது எப்போதுமே ஒன்று கூட்டித்தான் சொல்லும்.

இப்போது அந்த 21.3 வருவதில்லை, 20-ஐ எட்டுவதே பாடாக இருக்கிறது. வண்டிக்கு வயதாகிவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இப்போது நாடு முழுக்கக் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 விழுக்காடு எத்தனாலுக்கு அளவு திருத்திய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையும் என்று சொன்னது. 20 விழுக்காட்டுக்கென்றே அளவு திருத்திய புதிய வண்டிகளில் இழப்பு 1, 2 விழுக்காடுதான். பழைய கார் வாங்கப்போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் எரிபொருள் செலவில் ஒரு ஐந்தாறு விழுக்காட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, இந்த மைலேஜ் வித்தியாசத்துக்கு எத்தனை ரூபாய் மதிப்பு? மாப்பிள்ளையின் 500 கிலோமீட்டருக்கு, 18 கொடுக்கும் காரில் மாதம் 2,805 ரூபாய் பெட்ரோல். 20 கொடுக்கும் காரில் 2,525. வித்தியாசம் 280 ரூபாய். நான்கு பேர் ஹோட்டலில் டிபன் சாப்பிட்டால் அது தீர்ந்துவிடும். இந்த 280 ரூபாய்க்காகத்தான் நாம் ஷோரூமில் அரைநாள் நின்று விவாதிக்கிறோம்.

புதிய பெட்ரோல் கார்

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு முன் 28, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி. நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் எஞ்சின், இவை இரண்டும் பொருந்தினால் இந்தச் சலுகை. வேகன்ஆர் விஎக்ஸ்ஐ அந்தக் குறைப்புக்குப் பின் ஷோரூம் விலை ஐந்தரை லட்சத்தை ஒட்டி வந்தது.

தமிழ்நாட்டில் இதன்மேல் ஆயுள் வரி. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 5 லட்சம் வரையிலான காருக்கு 12 விழுக்காடு, 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஐந்தரை லட்சம் ரூபாய் வண்டிக்கு எழுபத்தோராயிரம் சொச்சம் வரியாகவே போகிறது. காப்பீட்டிலும் ஒரு கோடு இருக்கிறது. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022-இல் அறிவித்த கட்டணப்படி 1,000 சிசிக்குள் 6,521 ரூபாய், அதைத் தாண்டி 1,500 சிசி வரை 10,640. ஒரே காரில் ஒரு லிட்டர், 1.2 லிட்டர் என்று இரண்டு எஞ்சின் இருந்தால் விற்பனையாளர் சொல்லாமல் விடுகிற வித்தியாசங்களில் இது ஒன்று.

எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 6.6 லட்சம் என்று வைப்போம். ஐந்து வருடம் ஓட்டி 3.5 லட்சத்துக்கு விற்றால், மாருதிக்கு இது நடக்கக்கூடிய விலைதான், 3.1 லட்சம் கரைந்திருக்கும். மாதக் கணக்கில் 5,200 ரூபாய். 500 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் 40 காசு. பெட்ரோலுக்கு ஆகும் 5.60-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டு வாசலில் துணி போட்டு மூடி நிற்கும்போதும் இந்தச் செலவு ஓடிக்கொண்டே இருக்கிறது. பங்க்கில் யாரும் இதற்குப் பில் கொடுப்பதில்லை, அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை.

காப்பீடு மாதம் 1,000, சர்வீஸ் 500 என்று கூட்டினால் மாப்பிள்ளைக்கு மாதம் 9,500 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 19 ரூபாய் ஆகிறது. அவர் கையில் இருப்பது 3.5 லட்சம். மீதி 3.1 லட்சத்தை 9 விழுக்காட்டில் ஐந்து வருடக் கடனாக எடுத்தால் வட்டி மட்டும் 76,000 ரூபாய், மாதத்துக்கு 1,270. ஆக 10,770.

"இந்தக் காசுக்கு கால்டாக்ஸியிலயே போயிடலாம் போலயே" என்றார். மாதம் 300 கிலோமீட்டருக்குள் என்றால் உண்மையிலேயே போய்விடலாம். 500 என்றாலும் டாக்ஸி பெரிய தோல்வி இல்லை. ஆனால் அவருடைய அம்மாவுக்கு ஆஸ்துமா. ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று டிரைவர்கள் ஒருவர்பின் ஒருவராக ட்ரிப்பை ரத்து செய்ததைத் தங்கை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதனால் டாக்ஸிப் பேச்சை அதோடு விட்டேன்.

சிஎன்ஜி

கம்பெனியே பொருத்தித் தரும் சிஎன்ஜி வண்டி, அதே பெட்ரோல் மாடலைவிட 90,000 ரூபாயை ஒட்டி அதிகம். அதற்கும் 13 விழுக்காடு ஆயுள் வரி உண்டு, 11,700. ஆக ஒரு லட்சத்து இரண்டாயிரம் கூடுதல் முதலீடு. ஓட்டத்தில் கிலோவுக்கு 25 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 3.60 ரூபாய். பெட்ரோலோடு ஒப்பிட்டால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம். கூடுதலாகப் போட்ட பணம் திரும்பி வர 51,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

மாப்பிள்ளைக்கு அது எட்டரை வருடம். ஒரகடம் நண்பருக்கு இரண்டு வருடம் பத்து மாதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் 3,000 ரூபாய் அவர் பையில் நிற்கும். விற்கும்போதும் சிஎன்ஜிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கும் என்பதால் கணக்கு இன்னும் சீக்கிரமே நேராகலாம்.

ஆனால் கணக்கில் வராத சில விஷயங்கள் உண்டு. வேகன்ஆரில் 341 லிட்டர் டிக்கி, நல்ல பெரிசு. சிலிண்டர் வந்து உட்கார்ந்ததும் அங்கே ஒரு கைப்பையைச் செருகத்தான் இடம் மிஞ்சும். ஊரிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றி வருகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. டாடா தன் சின்னக் கார்களில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கித் தரைக்குக் கீழே படுக்க வைத்து இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. பொருள் ஏற்றுகிறவர்கள் அதைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

இழுவையும் குறையும். அதே ஒரு லிட்டர் எஞ்சின் பெட்ரோலில் 67 குதிரைத் திறன், வாயுவில் 57. தனியாக ஓட்டும்போது தெரியாது. ஐந்து பேரோடு ஏசி போட்டு மேம்பாலம் ஏறும்போது இரண்டாம் கியருக்கு இறங்க வைக்கும்.

அப்புறம் வரிசை. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் சிஎன்ஜி பங்க் இப்போது பரவாயில்லை, ஆனால் ஆட்டோக்களும் டாக்ஸிகளும் அங்கேதான் நிற்கின்றன. நண்பரின் மைத்துனர் வண்டியில் ஒரு மாலை நானும் போனேன். எல்லோரும் இறங்கச் சொன்னார்கள், அது விதி. நாற்பது நிமிடம் நின்று, முறை வந்தபோது அழுத்தம் இறங்கிவிட்டதாம். எட்டு கிலோ பிடிக்க வேண்டிய சிலிண்டரில் ஐந்தரை கிலோதான் ஏறியது. வெயிலில் நின்று சூடான சிலிண்டரிலும் எடை குறைவாகத்தான் ஏறும். விடியற்காலை ஐந்தரைக்குப் போனால் வரிசையும் இல்லை, அழுத்தமும் இருக்கிறது என்று அடிக்கடி போகிறவர்கள் சொல்கிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரை நீரழுத்தச் சோதனைக்குக் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவதும் கட்டாயம். வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை, மூன்றாம் வருடம் பங்க்கில் சான்றிதழ் கேட்டு வாயு ஊற்ற மறுத்தால்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது.

வெளியே கடையில் சிலிண்டர் மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். விலை குறைவு, ஆனால் கம்பெனி வாரன்டி போகும். ஆர்சியில் ஏற்றாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் காப்பீட்டுக்காரர்கள் கையை விரிக்க அதுவே போதும்.

மின்சாரக் கார், அப்புறம் அந்த 501-ஆவது யூனிட்

இதில்தான் எனக்கே ஆச்சரியம் வந்தது.

டாடா டியாகோ மின்சார வண்டி, 19.2 கிலோவாட் மணி பேட்டரியோடு, நான் கணக்குப் போட்டபோது 7.99 லட்சத்தில் தொடங்கியது. ஜிஎஸ்டி 5 விழுக்காடுதான். பெட்ரோல் காருக்கு செஸ்ஸோடு சேர்த்து 29 ஆக இருந்தது 18 ஆனதும் இந்த அனுகூலம் பாதியாகச் சுருங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மின்வண்டிகளுக்குச் சாலை வரி விலக்கு கொடுத்துவந்திருக்கிறார்கள். அது காலவரையறையோடு வருகிற சலுகை, பதிவு செய்யும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விலக்கு இருந்தால் ஆன்ரோடு 8.4 லட்சத்துக்குள் முடியும். பெட்ரோல் வேகன்ஆரைவிட 1.8 லட்சம் அதிகம்.

"வீட்டில் சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம் ஊர் கரண்ட் பில் அவ்வளவு நேர்கோடு இல்லை. 2024 ஜூலையில் திருத்திய கட்டணத்தின்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் அட்டவணையே மாறிவிடுகிறது. 101 முதல் 400 வரை 4.80, அப்புறம் 6.45, 8.55 என்று ஏறி, பில் 2,093-ஐத் தாண்டும். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 288 ரூபாய்!

மாப்பிள்ளை வீட்டில் இரண்டு மாதத்துக்கு 430 யூனிட், பில் 1,364. காரை 1,000 கிலோமீட்டர் ஓட்ட, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 143 யூனிட் தேவைப்படும். மொத்தம் 573. பில் 2,709. அதாவது காருக்கான மின்சாரம் 1,345 ரூபாய், கிலோமீட்டருக்கு 1.35. ஒரு ரூபாய் இல்லைதான், ஆனால் பெட்ரோலின் 5.60-க்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. கிலோமீட்டருக்கு 4.25 ரூபாய் மிச்சம். கூடுதலாகப் போட்ட 1.8 லட்சம் திரும்பி வர 42,000 கிலோமீட்டர். சிஎன்ஜியின் 51,000-ஐவிடக் குறைவு!

ஆனாலும் மாப்பிள்ளையின் ஓட்டத்துக்கு அது ஏழு வருடம். பேட்டரி வாரன்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதற்குள் கணக்கு நேராகிவிடும், ஆனால் ஏழு வயதான மின்சாரக் காருக்குச் சந்தையில் என்ன கொடுப்பார்கள் என்பதை அனுபவத்தில் பார்த்தவர்கள் இங்கே இன்னும் குறைவு. பெட்ரோல் கார் 5 வருடத்தில் 3.5 லட்சத்துக்குப் போகும் என்று துணிந்து எழுதிய நான், இந்தக் கட்டத்தில் எந்த எண்ணையும் எழுதவில்லை.

தூரமும் இருக்கிறது. இந்தச் சின்னப் பேட்டரியில் ஏசியோடு 150 கிலோமீட்டர் நம்பிப் போகலாம். அவருடைய ஊர் போக வர 180. ஊரில் ராத்திரி தங்கி 15 ஆம்ப் பிளக்கில் போட்டால் ஏழு மணி நேரத்தில் நிறைந்துவிடும். அந்த வீட்டின் ஒயரிங் அவருடைய தாத்தா காலத்தது. கிரைண்டர் போட்டாலே டியூப்லைட் மங்கும். வழியில் வேகமாகச் சார்ஜ் செய்யும் நிலையங்களில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் போவதும் உண்டு, அங்கே கிலோமீட்டருக்கு மூன்று ரூபாயை ஒட்டி வந்துவிடும்.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டமும் ஒன்று இருக்கிறது. எம்ஜி காமெட்டை 2024 செப்டம்பரில் 4.99 லட்சம், அதன்மேல் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் பேட்டரி வாடகை என்று கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளையின் மின்சாரச் செலவையும் கூட்டினால் 3.85. சிஎன்ஜியைவிட அதிகமாகிவிடுகிறது. முதலீடு குறைவு என்பது உண்மைதான், ஆனால் குறைந்த ஓட்டக்காரர்கள் மாதாந்தரக் குறைந்தபட்சத் தொகை எதுவும் உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

உண்மையில் மின்சாரக் கார் யாருக்கு? கணக்குப்படி ஒரகடம் நண்பருக்குத்தான். அவர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். 3,000 கிலோமீட்டருக்கு இன்னொரு 430 யூனிட் கூட்டினால் பில் 705-லிருந்து 4,195-க்குப் போகும். கிலோமீட்டருக்கு 1.16. போட்ட பணம் இரண்டே கால் வருடத்தில் திரும்பும். தினசரி 60 கிலோமீட்டர் ஓட்டம் பேட்டரிக்குப் பாதிகூட இல்லை. ஆயில் மாற்றம் இல்லை, கிளட்ச் இல்லை.

அவர் குடியிருப்பது இரண்டாவது மாடி. பார்க்கிங் இடம் கீழே, மீட்டர் பெட்டியிலிருந்து கோணலாக எழுபது அடி. வீட்டு உரிமையாளர் சரி என்றார், சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள், கேபிள் பொதுச் சுவரில் போகக் கூடாது, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று மூன்று கூட்டம் போட்டு, கடைசியில் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிவைத்தார்கள். அவர் சிஎன்ஜிக்குப் பணம் கட்டிவிட்டார். சொந்தத் தனி வீடாக இருந்திருந்தால் நான் அவரை மின்சாரக் காரைத் தவிர வேறெதையும் பார்க்கவே விட்டிருக்க மாட்டேன்.

டீசலைப் பற்றி இரண்டு வரி போதும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்ததோடு மாருதி டீசலை விட்டுவிட்டது, சின்ன ஹேட்ச்பேக்கில் டீசல் என்றால் டாடா ஆல்ட்ரோஸ்தான் மிச்சம். புகைவடிகட்டி உள்ள இந்தக் காலத்து டீசல் எஞ்சினுக்கு நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும், பால் வாங்கப் போய்வந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

செகண்ட் ஹேண்ட்

மாப்பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான். 2019, 2020 மாடல் பெட்ரோல் வேகன்ஆர், சிங்கிள் ஓனர், 50,000 கிலோமீட்டர் ஓடியது, 3.5 லட்சத்துக்குள். முதல் ஐந்து வருடத்துப் பெரிய விலைச் சரிவை வேறொருவர் சுமந்துவிட்டார். இன்னும் ஐந்து வருடம் ஓட்டி 1.75 லட்சத்துக்கு விற்றால் மாதம் 2,900 ரூபாய்தான் கரையும். காப்பீடு 700. எத்தனால் இழப்போடு லிட்டருக்கு 16.5 என்று வைத்தாலும் பெட்ரோல் 3,060. டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன் என்று இந்த ஐந்து வருடத்தில் எல்லாம் ஒரு சுற்று வரும் என்பதால் சர்வீஸுக்கும் ரிப்பேருக்கும் மாதம் 1,700 தாராளமாக வைத்தேன். மொத்தம் 8,360. கடன் இல்லை. புதிய காரின் 10,770-உடன் ஒப்பிட்டால் மாதம் 2,400 மிச்சம்.

"வெறும் ரெண்டாயிரத்து நானூறுக்காகவா பழசு?" என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. புதிய காரில் வாரன்டி இருக்கிறது, ஆறு ஏர்பேக் தருகிறார்கள், முதல் கீறல் விழும்வரை ஒரு சந்தோஷமும் இருக்கிறது. கையில் முழுப் பணமும் இருக்கிறவர்களுக்கு வித்தியாசம் மாதம் ஆயிரத்து நூறு சொச்சம்தான், அவர்கள் புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம். கடன் வாங்க வேண்டியிருக்கிறது, ஓட்டமும் குறைவு என்பவர்களுக்குத்தான் பழைய காரைச் சொல்வேன். பழைய காரையே கடனில் எடுத்தால் வட்டி விகிதம் புதிய காருக்கானதைவிட மூன்று நான்கு விழுக்காடு கூடும், மிச்சமெல்லாம் அங்கேயே போய்விடும்.

சென்னையில் பழைய கார் பார்க்கும்போது மீட்டரைவிட முதலில் பார்க்க வேண்டியது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ கழுவி, பாலிஷ் போட்டு, வாசனை தெளித்துச் சந்தைக்கு வந்தன. நாங்கள் பார்த்த இரண்டாவது வண்டி வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது. என் மெக்கானிக் பேசவே இல்லை. டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், இன்னும் இழுத்தார், ரீல் முடியும்வரை இழுத்தார். கடைசி ஒன்றரை அடி மட்டும் பழுப்பு நிறம், ஓரத்தில் காய்ந்த சேற்றின் ஒரு நேர்கோடு. அப்புறம் சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்து போல்ட்டை விரலால் தேய்த்துக் காட்டினார். விரல் முழுக்கத் துரு. புரோக்கர், "அது வாட்டர் வாஷ் பண்ணது சார்" என்றார். சீட் பெல்ட்டுக்குள் யார் வாட்டர் வாஷ் பண்ணுவார்கள்?

மற்றவை காகித வேலை. ஆர்சியில் ஹெச்பி (வண்டிமேல் உள்ள கடன் பதிவு) நீக்கியிருக்கிறதா, இ-செல்லான் அபராதம் பாக்கி உண்டா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். விற்பவர், "நோ கிளெய்ம் போனஸ் 50 பர்சென்ட் இருக்கு சார்" என்று அதற்கும் ஒரு விலை வைப்பார், ஏமாறாதீர்கள். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குக் காப்பீட்டில் தரும் அந்தத் தள்ளுபடி ஆளுக்கு உரியது, வண்டியோடு வராது. காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். 2025 ஜிஎஸ்டி குறைப்புக்குப் பின் புதிய கார் விலை இறங்கியதால் பழைய கார் விலையும் இறங்க வேண்டும் என்பதே நியாயம். குறைப்புக்கு முந்தைய புதிய கார் விலையைச் சொல்லி பேரம் பேசுகிறவரிடம் இன்றைய விலைப்பட்டியலைக் காட்டுங்கள்.

மூன்றாவதாகப் பார்த்த வண்டி மடிப்பாக்கத்தில் ஓய்வுபெற்ற ஒருவருடையது. 2019 மாடல், 41,000 கிலோமீட்டர், சர்வீஸ் புத்தகத்தில் எல்லா முத்திரையும் இருந்தது. முன் பம்பரில் ஒரு பள்ளம், அதைச் சரிசெய்யாமல் அப்படியே வைத்திருந்தார். சீட் பெல்ட் கடைசிவரை ஒரே கறுப்பு. 3.6 சொன்னார், 3.4-க்கு முடிந்தது. நான்கு டயரையும் உடனே மாற்ற வேண்டியிருந்தது, 16,000 ஆனது.

மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளை மறுபடி போன் செய்தார். ஃபுல் டேங்க் அடித்து, ஓட்டி, வகுத்துப் பார்த்திருக்கிறார். "மச்சான், பதினாறுதான் குடுக்குது!" டயரில் காற்று பார்த்தீர்களா என்று கேட்டேன். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும், அதைப் பார்த்து அடிக்கச் சொன்னேன். டயர் மாற்றிய கடையில் எல்லாவற்றுக்கும் வெறும் 28 பிஎஸ்ஐ காற்று அடித்து அனுப்பியிருந்தார்கள்.